அம்மாள் வருத்தமும் ஓதிய தண்ணீரும்

மட்டக்களப்பில் நோயை ‘வருத்தம்’ என்றுதான் சொல்வோம். கொப்புளிப்பானோ சின்னமுத்தோ வந்தால் அது ‘அம்மாள் வருத்தம்’. எட்டு வயதில் எனக்கு வந்தபோது அம்மம்மா வாசலில் வேப்பிலை செருகினார். வீட்டில் மீன், இறைச்சி நின்றது. தண்ணீர் வார்க்கும்வரை வெளியாட்கள் படியேறவில்லை. தொற்றுநோய்க்கு அது நல்ல தனிமைப்படுத்தல் என்பது பிறகுதான் எனக்குப் புரிந்தது.

இங்கே அம்மாள் என்றால் பெரும்பாலும் கண்ணகி. மதுரையை எரித்தவளின் வெக்கை தணியாவிட்டால் கொப்புளம் போடும் என்பது நம்பிக்கை. அதனால்தான் வைகாசியில் செட்டிபாளையம், மகிழடித்தீவு என்று வாவியின் இரு கரைகளிலும் சடங்கு நடக்கிறது. வழக்குரை பாடி, குளிர்த்தியோடு முடிக்கிறார்கள். பெரியம்மை ஒழிந்துவிட்டதாக 1980இல் உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது. குளிர்த்தி நிற்கவில்லை.

தண்ணீர் ஓதுதல், நூல் கட்டுதல், நாவூறு கழித்தல் இன்றும் உண்டு. விசகடிக்குப் பார்வை பார்ப்பவருக்குப் படுவான்கரையில் தனி மதிப்பு. 2014இல் மண்முனைப் பாலம் திறக்கும்வரை அந்தத் துறையில் ‘பாதை’ ஏறித்தான் வாவியைக் கடக்க வேண்டும். போர்க்கால இரவுகளில் ஊரடங்கும் சோதனைச் சாவடியும் வேறு. பரிசாரியை விட்டால் யார் இருந்தார்கள்? ஆனால் கடிக்கும் பாம்பெல்லாம் விஷம் இறக்குவதில்லை. மந்திரத்தால் பிழைத்ததாகச் சொல்லப்படுபவர்களில் பலர் அப்படித் தப்பியவர்கள். கண்ணாடிவிரியன் கடித்தவருக்கு வேண்டியது ஆஸ்பத்திரியில் உள்ள விஷமுறிவு மருந்து. கடிவாயைக் கீறுவதும் இறுக்கிக் கட்டுவதும் கேடு. இதில் எனக்கு இரண்டு மனம் இல்லை.

தெய்வமாடுபவர்களின் வாக்கு விடயத்தில் அப்படிச் சொல்ல முடியவில்லை. 1990 செப்டெம்பர் 5இல் வந்தாறுமூலை பல்கலைக்கழக வளாகத்து அகதி முகாமிலிருந்து 158 பேர் கொண்டுசெல்லப்பட்டார்கள். அதுபோன்ற பிள்ளைகளைத் தேடிய தாய்மார் இராணுவ முகாம்களில் பதில் கிடைக்காமல் அம்மன் கோயில்களுக்குப் போனார்கள். உயிரோடு இருக்கிறானா, எங்கே என்று கேட்டார்கள். மானிடவியலாளர் பற்றீசியா லோரன்ஸ் தொண்ணூறுகளில் இங்கு தங்கி இதை ஆராய்ந்து எழுதியிருக்கிறார். வாய்திறந்து அழவே பயந்த காலத்தில், சித்திரவதைப்பட்டவரின் வலியைத் தெய்வமாடுபவர் தன் உடம்பில் காட்டினார். சுற்றி நின்றவர்கள் அழுதார்கள்.

எங்கள் ஒழுங்கையில் ஒரு மாமிக்கு, “இருக்கிறான்” என்று வாக்கு வந்தது. மரணச் சான்றிதழ் எடுக்கச் சொன்னபோது அவர் கையெழுத்து வைக்கவில்லை. இந்த வைகாசியிலும் மகன் பெயரில் நேர்த்தி வைத்திருக்கிறார்.