டெடி கரடியைத் தைத்தது யார்?



உங்களில் பலர் இப்போது பேரன் பேத்தி எடுத்துவிட்டீர்கள். குழந்தை பிறந்த வீட்டுக்குப் போகும்போது கையில் ஒரு கரடி பொம்மையோடு போவது வழக்கமாகிவிட்டது. அதற்கு டெடி என்று பெயர். அது யாருடைய பெயர் என்று கேட்டால் பாதிப்பேர் சரியாகச் சொல்லிவிடுவீர்கள்: அமெரிக்க ஜனாதிபதி தியோடர் ரூஸ்வெல்ட். நல்லது. அடுத்த கேள்வி: அந்தக் கரடியை முதலில் தைத்தது யார்?

இந்தக் கேள்விக்காகத்தான் இவ்வளவு நீளமான பதிவு. பொறுமையாகப் படியுங்கள். பரீட்சை எதுவும் கிடையாது.

முதலில் ஒரு பொதுவான விஷயம். சுடுமண் பொம்மை மண்ணுக்குள் நாலாயிரம் வருஷம் கிடந்தாலும் பொம்மையாகவே வெளியே வரும். சிந்துவெளியில் கிடைத்த சின்ன மண் வண்டிகளை வகுப்பில் படமாகக் காட்டியிருக்கிறேன், நினைவிருக்கும். துணி பொம்மைக்கு அந்த யோகம் இல்லை. ஈரம் பட்டால் மக்கும், பூச்சி அரிக்கும், எலி கடிக்கும். குழந்தை வளர்ந்ததும் கரித்துணியாகப் போய்விடும். அதனால் அருங்காட்சியகங்களில் பழைய துணி பொம்மைகள் மிகக் குறைவு. லண்டன் பிரிட்டிஷ் மியூசியத்தில் ஒன்று இருக்கிறது. ரோமானியர் ஆட்சிக் காலத்து எகிப்தில் செய்தது. முரட்டு லினன் துணியைத் தைத்து, உள்ளே கந்தலும் பாப்பிரஸ் துண்டுகளும் அடைத்திருக்கிறார்கள். எகிப்தின் வறண்ட மணல் அதைக் காப்பாற்றிக் கொடுத்தது. தைத்த கை யாருடையது என்பதற்கு மட்டும் எந்தத் தடயமும் இல்லை.

பொருள் மக்கிப் போனால், அதைச் செய்தவர்களும் சரித்திரத்திலிருந்து மறைந்துவிடுகிறார்கள். துணி பொம்மை விஷயத்தில் செய்தவர்கள் பெரும்பாலும் பெண்கள். அவர்களில் மூன்று பேருடைய பெயராவது நமக்குத் தெரிந்திருக்கிறது. அவர்களைப் பற்றித்தான் சொல்லப் போகிறேன்.

முதலாமவர் மார்கரெட்டே ஸ்டைஃப். ஜெர்மனியின் தெற்கே கீங்கன் என்ற சிறிய ஊரில் 1847 ஜூலை 24 அன்று பிறந்தார். ஒன்றரை வயதில் காய்ச்சல் வந்தது. கால்கள் இரண்டும் செயலிழந்தன, வலது கையைத் தூக்கினாலும் வலி. இளம்பிள்ளை வாதம். அதற்குத் தடுப்பூசி வர இன்னும் நூறு வருஷம் இருந்தது. நம் ஊர்களில் அந்த நோய் செய்த கொடுமையை என் வயதுக்காரர்கள் கண்ணால் பார்த்திருக்கிறோம். இந்தியாவில் கடைசியாகப் பதிவான நோயாளி 2011 ஜனவரியில். 2014-ல்தான் நம் நாடு போலியோ இல்லாத நாடு என்று அறிவிக்கப்பட்டது.

பெற்றோர் வைத்தியத்துக்கு அலைந்தார்கள். ஒன்பது வயதில் அறுவை சிகிச்சையும் நடந்தது. பலன் இல்லை. ஆனால் படிப்பு நிற்கவில்லை. ஒரு சிறு கைவண்டியில் உட்கார வைத்துப் பள்ளிக்கு இழுத்துப் போனார்கள். பிறகு தையல் பள்ளி. வலது கை ஒத்துழைக்காத பெண்ணுக்குத் தையல் எதற்கு என்று சுற்றியிருந்தவர்கள் நினைத்திருந்தால் ஆச்சரியமில்லை. பதினேழு வயதில் தையல் பயிற்சியை முடித்தார். அக்காமாரோடு சேர்ந்து துணி தைத்துக் கொடுத்துச் சம்பாதிக்க ஆரம்பித்தார். சேர்த்த காசில் ஒரு தையல் மிஷின் வாங்கினார்கள். அந்த ஊருக்கு வந்த முதல் மிஷின் அதுதான் என்று சொல்வார்கள். மிஷினின் சக்கரம் வலது கைப்பக்கம் இருக்கும். அவருக்கு வலது கையில் பலம் இல்லை. மிஷினையே திருப்பிப் போட்டு, இடது கையால் சக்கரத்தைச் சுற்றித் தைத்தார்.

கீங்கனில் உறவினர் ஒருவரின் ஃபெல்ட் தொழிற்சாலை இருந்தது. ஃபெல்ட் என்பது நெய்த துணி அல்ல. கம்பளி ரோமத்தை வெந்நீரில் நனைத்து, அழுத்தி அழுத்தி ஒன்றாகப் பிடிக்க வைப்பது. ஊடும் பாவும் இல்லாததால் எங்கே வெட்டினாலும் நூல் பிரியாது. ஓரம் மடித்துத் தைக்க வேண்டியதில்லை. 1877-ல் மார்கரெட்டே இந்த ஃபெல்ட்டில் உள்பாவாடைகளும் சிறுவர் உடைகளும் தைத்து விற்கும் கடை ஒன்றைத் தொடங்கினார். வேலைக்கு ஆட்களும் வைத்துக்கொண்டார்.

1879 டிசம்பரில் ஒரு பெண்கள் பத்திரிகையில் சின்ன யானை ஒன்றின் வெட்டு மாதிரியைப் பார்த்தார். அதை வைத்து ஃபெல்ட்டில் யானை தைத்து, உள்ளே ஆட்டு ரோமம் அடைத்தார். பொம்மை செய்வது அவர் நோக்கம் இல்லை. குண்டூசி குத்தி வைக்கும் சிறு மெத்தையாகத்தான் செய்தார். பெண்களுக்குப் பரிசாகக் கொடுக்கலாம் என்பது எண்ணம். பரிசு வாங்கியவர்கள் வீட்டில் குழந்தைகள் இருந்தார்கள். அவர்கள் யானையை எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள்.

அந்தக் காலத்து ஐரோப்பியக் குழந்தைகளின் கையில் இருந்தது மரம், தகரம், மெழுகு, பீங்கான். பீங்கான் முகம் வைத்த பொம்மை கீழே விழுந்தால் உடையும். கட்டிப்பிடித்துத் தூங்க முடியாது. இந்த யானையைக் கட்டிப்பிடிக்கலாம், கடிக்கலாம், வீசி எறியலாம். தம்பி ஃபிரிட்ஸ் பக்கத்து ஊரான ஹைடன்ஹைம் சந்தைக்கு எடுத்துப் போய் விற்றார். 1886-ல் மட்டும் ஐயாயிரத்துக்கு மேல் யானைகள் விற்றன. குரங்கு, கழுதை, குதிரை, ஒட்டகம் என்று வரிசை நீண்டது. 1893-ல் ஃபெல்ட் பொம்மைத் தொழிற்சாலை என்றே பதிவு செய்தார்கள். புதிதாக எந்தப் பொம்மை வந்தாலும் முதல் மாதிரியை மார்கரெட்டே தன் கையால் தைத்துப் பார்ப்பார், எங்கே தையல் விடும், எங்கே கை நுழையாது என்று தெரிந்துகொள்ள.

இனி அமெரிக்காவுக்கு வருவோம். 1902 நவம்பர். ஜனாதிபதி ரூஸ்வெல்ட் மிசிசிப்பி மாநிலத்தில் கரடி வேட்டைக்குப் போனார். வழிகாட்டியாக இருந்தவர் ஹோல்ட் காலியர், அடிமையாகப் பிறந்து பின்னால் பெயர் பெற்ற கறுப்பின வேட்டைக்காரர். அவர் ஒரு கரடியை மடக்கி மரத்தில் கட்டி வைத்துவிட்டு ஜனாதிபதியைக் கூப்பிட்டார். கட்டிப்போட்ட விலங்கைச் சுடுவது வீரம் இல்லை என்று ரூஸ்வெல்ட் மறுத்துவிட்டார். இதுவரை எல்லோருக்கும் தெரியும். அடிபட்டுக் கிடந்த அந்தக் கரடியை வேதனைப்பட விடாமல் கொன்றுவிடச் சொன்னார் என்பதையும், அது கத்தியால் கொல்லப்பட்டது என்பதையும் யாரும் சொல்வதில்லை.

நவம்பர் 16 அன்று வாஷிங்டன் போஸ்ட் பத்திரிகையில் கிளிஃபோர்ட் பெரிமேன் இதைக் கேலிச்சித்திரமாகப் போட்டார். நியூயார்க் புரூக்ளின் பகுதியில் மிட்டாய்க் கடை வைத்திருந்த மோரிஸ் மிக்டம் அதைப் பார்த்தார். ரஷ்யாவிலிருந்து பிழைக்க வந்த யூதக் குடும்பம். அவர் மனைவி ரோஸ். ரோஸ் பிளஷ் துணியை வெட்டி, அடைத்து, பொத்தானைக் கண்ணாக வைத்து ஒரு கரடி தைத்தார். கடைக் கண்ணாடிக்குள் டெடியின் கரடி என்று எழுதி வைத்தார்கள். விற்றுத் தீர்ந்தது. சில வருஷங்களில் மிட்டாய்க் கடை போய்ப் பொம்மைக் கம்பெனி வந்தது. ரோஸ் மிக்டம் நான் சொல்ல வந்த இரண்டாவது பெண். கதையில் அவருக்குக் கிடைப்பது பெரும்பாலும் அரை வரிதான்: கணவருக்கு யோசனை வந்தது, மனைவி தைத்தார்.

ஏறக்குறைய அதே சமயத்தில் கீங்கனிலும் ஒரு கரடி உருவானது. மார்கரெட்டேயின் தம்பி மகன் ரிச்சர்ட், கலை படித்தவர். ஸ்டுட்கார்ட் மிருகக்காட்சிசாலையில் உட்கார்ந்து கரடிகளை வரைந்து பழகியவர். 1902-ல் கை, கால், தலை எல்லாம் திரும்புகிற மாதிரி மோஹேர் துணியில் ஒரு கரடியை வடிவமைத்தார். 1903 வசந்தத்தில் லைப்ஸிக் சந்தையில் வைத்தார்கள். யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. கடைசியில் ஓர் அமெரிக்க வியாபாரி 3,000 கரடிகளுக்கு ஆர்டர் கொடுத்தார். ஆக, முதல் கரடி எது என்று கேட்டால், கடலுக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் தனித்தனியாகத் தைக்கப்பட்டது என்பதுதான் நியாயமான பதில்.

1907-ல் ஸ்டைஃப் கம்பெனி செய்த கரடிகள் 9,74,000. ஒரே வருஷத்தில்! இதை எத்தனை பேர் செய்தார்கள்? தொழிற்சாலையில் 400 பேர். வீட்டிலிருந்தபடியே வேலை செய்து கொடுத்தவர்கள் 1,800 பேர். இந்த இரண்டாவது எண்ணைக் கொஞ்சம் நிறுத்திப் படியுங்கள். அது எப்படிப்பட்ட வேலை என்று உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. நெல்லைப் பக்கம் திண்ணையில் முறத்தை மடியில் வைத்துப் பீடி சுற்றியவர்களையும், திருப்பூரில் வீட்டுக்கு மூட்டை வாங்கி வந்து பனியனுக்குப் பிசிறு வெட்டியவர்களையும் பார்த்தவர்கள் நீங்கள். சிலர் அவர்களுடைய பிள்ளைகள்.

போலிகள் பெருகியதால் 1904 முதல் ஸ்டைஃப் பொம்மைகளின் காதில் ஓர் உலோகப் பொத்தான் வைத்தார்கள். இன்றும் அது உண்டு. பழைய கரடியின் காதில் பொத்தான் இருந்தால் ஏலத்தில் விலை பல மடங்கு. எந்தக் கம்பெனியின் பொம்மை என்பதை அது சொல்லும். எந்த வீட்டில், யார் விளக்கு வெளிச்சத்தில் தைத்தார்கள் என்பதைச் சொல்லாது. மார்கரெட்டே 1909 மே மாதம், 61 வயதில் காலமானார்.

மூன்றாவது பெண் கேத்தே குரூஸ். நாடக நடிகையாக இருந்தவர். 1905-ல் அவருடைய சின்ன மகள், அம்மா கையில் தங்கைப் பாப்பா இருப்பதைப் பார்த்து, தனக்கும் ஒரு பாப்பா வேண்டும் என்று கேட்டாள். சிற்பியான தகப்பனார் பெர்லினில் இருந்தார். கடைப் பொம்மைகள் அவருக்குப் பிடிக்கவில்லை. வாங்கித் தர மாட்டேன், நீங்களே செய்துகொள்ளுங்கள் என்று எழுதிவிட்டார். கேத்தே ஒரு துண்டை எடுத்து நடுவில் மணலைக் கொட்டிக் கட்டினார். நாலு முனையிலும் முடிச்சுப் போட்டால் கை கால். ஓர் உருளைக்கிழங்கு தலை. எரிந்த தீக்குச்சியால் கண், மூக்கு, வாய். அவ்வளவுதான். குழந்தை அதைத் தூக்கிக்கொண்டே திரிந்தது, காரணம் அது கையில் கனத்தது, வளைந்து கொடுத்தது, நிஜப் பாப்பாவைப் போலவே.

ஐந்து வருஷம் அதையே திருத்தித் திருத்திச் செய்தார். 1910-ல் பெர்லின் கடை ஒன்றில் வீட்டில் செய்த பொம்மைகளின் கண்காட்சி நடந்தபோது அவர் பொம்மை எல்லோரையும் கவர்ந்தது. 1912-ல் பாட் கோசன் என்ற ஊரில் பட்டறை அமைத்தார். தன் பொம்மையைப் பார்த்துச் செய்த ஒரு பெரிய கம்பெனி மேல் வழக்குப் போட்டு 1925-ல் வென்றார். பொம்மையும் ஒரு படைப்பு, அதற்கும் உரிமை உண்டு என்று ஜெர்மன் நீதிமன்றம் ஏற்றுக்கொண்ட முக்கியமான வழக்கு அது. தைத்தவள் தன் வேலைக்குத் தன் பெயரைக் கேட்டு வாங்கினாள் என்று நான் இதைப் புரிந்துகொள்கிறேன்.

இப்போது ஆரம்பக் கேள்விக்கு வாருங்கள். கரடியின் பெயரில் இருப்பவர் வேட்டைக்குப் போனவர். தைத்தவர்கள் ரோஸ் மிக்டமும், மார்கரெட்டேயின் பட்டறைப் பெண்களும், பெயர் தெரியாத அந்த 1,800 வீடுகளும். பாடப்புத்தகத்தில் ஒரு பெயர் இருக்கிறது என்பதாலேயே வேலையைச் செய்தவர் அவர் என்று ஆகிவிடாது. சரித்திரம் படிக்கிறவர்கள் இந்த ஒரு சந்தேகத்தை எப்போதும் கையில் வைத்திருக்க வேண்டும்.

நம் வீடுகளிலும் மரப்பாச்சிக்குப் பழம்புடவைக் கிழிசலில் பாவாடை தைத்துக் கட்டிய அத்தைகள் இருந்தார்கள். பழைய வேட்டியைச் சுருட்டிப் பொம்மை செய்து கொடுத்த பாட்டிகள் இருந்தார்கள். மரப்பாச்சி இன்னும் பெட்டியில் இருக்கும். துணி போயிருக்கும்.

உங்களில் இப்போது தைக்க ஆரம்பித்திருப்பவர்களுக்கு இரண்டு வார்த்தை. துணியை இரண்டாக மடித்து, நல்ல பக்கம் உள்ளே இருக்கும்படி வைத்து வெட்டுங்கள். சுற்றிலும் நெருக்கமாகத் தைத்து, இரண்டு விரல் நுழையும் அளவுக்கு இடைவெளி விட்டு, அதன் வழியாகத் திருப்பிப் போட்டுப் பஞ்சு அடையுங்கள். மூன்று வயதுக்கு உட்பட்ட குழந்தைக்கு என்றால் ரோஸ் வைத்ததுபோல் பொத்தான் கண் வேண்டாம். பிய்த்து வாயில் போட்டுக்கொள்ளும், தொண்டையில் சிக்கும். கண்ணையும் மூக்கையும் நூலால் தைத்துவிடுங்கள். முடித்ததும் தையலை நீங்களே இழுத்துப் பாருங்கள். மார்கரெட்டே அதைத்தான் செய்தார்.

கடைசியாக ஒரு வீட்டுப்பாடம். பழைய வழக்கம், விடவில்லை. உங்கள் வீட்டில் கையால் தைத்த பொம்மையோ, தூளித் துணியோ, பாப்பாச் சட்டையோ எது இருந்தாலும், தைத்தவர் பெயரையும் வருஷத்தையும் ஒரு நாடாவில் எழுதி உள்பக்கம் தைத்து வையுங்கள். பொருள் போய்விட்டது, பெயர் மட்டும்தான் நினைவிருக்கிறது என்றால் அந்தப் பெயரைக் கீழே கமெண்டில் எழுதுங்கள். எல்லாவற்றையும் படிப்பேன்.

அன்புடன்,
உங்கள் சரித்திர டீச்சர்