கேள்வி கேட்கும் உரிமை: ஃபில் டோனஹ்யூவின் பகல்நேரத் தொலைக்காட்சி

அமெரிக்கப் பகல்நேரத் தொலைக்காட்சியைப் பற்றி எழுதுவோர் ஃபில் டோனஹ்யூவை (1935–2024) பெரும்பாலும் துணிச்சலான தலைப்புகளை எடுத்தவர் என்றே போற்றுகின்றனர். இம்மதிப்பீடு பிழையன்று, ஆனால் போதாது. கேள்வி கேட்கும் உரிமையை நெறியாளரின் தனிச்சொத்தாக வைத்திராமல் அரங்கில் இருந்தவர்களோடு பகிர்ந்துகொண்டதே அவருடைய முதன்மையான பங்களிப்பு என்பது என் வாதம்.

அந்தப் பகிர்வு கொள்கையில் பிறக்கவில்லை, வசதிக்குறைவில் பிறந்தது. 1967 நவம்பர் 6 அன்று ஒஹாயோ மாநிலத்தின் டேட்டன் நகரில் அவருடைய உரையாடல் நிகழ்ச்சி தொடங்கியது. சிறு நகரத்து நிலையம். நட்சத்திரங்கள் எட்டிப்பார்க்காத ஊர். ஆகவே ஒரு மணி நேரம் முழுவதும் ஒரே விருந்தினர், ஒரே பொருள். முதல் நாள் வந்தவர் நாத்திகர் மேடலின் மர்ரே ஓஹேர். அரசுப் பள்ளிகளில் விவிலிய வாசிப்புக்கு முற்றுப்புள்ளி வைத்த 1963ஆம் ஆண்டுத் தீர்ப்போடு தொடர்புடையவர். அரங்கில் அமர்ந்திருந்தவர்களோ, அப்போதுதான் நின்றுபோயிருந்த ஒரு பல்சுவை நிகழ்ச்சிக்கு நுழைவுச்சீட்டு வைத்திருந்தவர்கள். விளம்பர இடைவேளைகளில் அவர்கள் கேட்ட கேள்விகள் தம்முடையவற்றைவிடக் கூர்மையாக இருப்பதை டோனஹ்யூ விரைவிலேயே உணர்ந்தார். மைக்கோடு அவர்கள் நடுவே இறங்கினார்.

பகலில் வீட்டிலிருந்த பெண்களே அந்நேரத்து நேயர்கள். சமையல் குறிப்பும் தொடர் நாடகமும் அவர்களுக்குப் போதும் என்று நிலையங்கள் கருதிய காலம் அது. கருக்கலைப்பு, இனப்பாகுபாடு, போர், தன்பாலீர்ப்பு என எல்லாவற்றையும் டோனஹ்யூ அவர்கள் முன் வைத்தார். எய்ட்ஸைப் பற்றி 1982இலேயே விவாதித்தார். அரங்கின் படிகளில் ஏறியிறங்கி, பின்வரிசையில் கை உயர்த்திய பெண்ணின் முன் மைக்கை நீட்டுவார். ஆனால் மைக் அவர் பிடியிலேயே இருக்கும். உரிமையைப் பகிர்ந்தார், முழுவதுமாக ஒப்படைக்கவில்லை. இந்த வரம்பை மறைத்து அவரைப் புகழ்வது ஆய்வாகாது.

இம்முறையை அவர் நாட்டெல்லைக்கு அப்பாலும் கொண்டுசென்றார். 1985 டிசம்பரில் சியாட்டிலிலும் லெனின்கிராடிலும் கூடிய சாதாரண மக்கள் செயற்கைக்கோள் வழியே நேருக்கு நேர் பேசிக்கொண்டனர். சோவியத் தரப்பில் விளாடிமிர் போஸ்னர் நெறிப்படுத்தினார். பனிப்போர்க் காலத்தில் இதைச் செய்ய முனைந்தது சிறிய காரியமல்ல.

1990களில் அரங்கத்தை அடிதடிக் களமாக்கிய நிகழ்ச்சிகளுக்கும் அவரே தந்தை என்பது எதிர்வாதம். அவரும் போட்டிக்கு வளைந்துகொடுத்தார் என்பது உண்மை; 1988இல் பாவாடை அணிந்தே ஒரு நிகழ்ச்சியை நடத்தினார். எனினும் பின்வந்த பலர் அவரிடமிருந்து பரபரப்பை மட்டுமே எடுத்துக்கொண்டனர். அவர்களின் அரங்கில் பார்வையாளருக்குக் கூச்சலிடும் வேலைதான் மிஞ்சியது. கேட்கும் உரிமை கூச்சலாகச் சுருங்கியதற்கு, அதை வழங்கியவரைக் குற்றவாளியாக்க முடியாது.

டேட்டனில் தொடங்கிய அந்நிகழ்ச்சி 1996இல் முடிந்தது. 2002இல் எம்எஸ்என்பிசி அலைவரிசையில் மாலை நிகழ்ச்சி ஒன்றோடு திரும்பிவந்தார். ஈராக் போர் முன்னெடுப்பை எதிர்த்தவர்களுக்கு அங்கே இடமளித்தார். போர்க்காலத்தில் இவர் நிறுவனத்துக்குச் சங்கடமான முகம் என்று எச்சரித்த உள் அறிக்கை ஒன்று பின்னர் வெளியே கசிந்தது. போர் தொடங்குவதற்குச் சில வாரங்கள் முன், 2003 பிப்ரவரியில், நிகழ்ச்சி நிறுத்தப்பட்டது. அந்த அலைவரிசையில் அப்போது மிக அதிகமானோர் பார்த்த நிகழ்ச்சி அதுதான்.