விழிப்பும் வெளியேற்றமும்: சுவாச மயக்க மருந்துகளின் கடைசிப் பத்தில் ஒரு பங்கு

அறுவை முடிந்து பெயர் சொல்லிக் கூப்பிட்டதும் நோயாளி கண் திறந்தால், மயக்கம் தெளிந்துவிட்டது என்கிறோம். விழிப்பைப் பொறுத்தவரை அது சரி. மருந்து உடலைவிட்டுப் போய்விட்டது என்றும் அதற்குப் பொருள் கொள்வதுதான் பிழை. விழிப்புக்கும் வெளியேற்றத்துக்கும் நடுவே, நீண்ட அறுவைகளில் ஒரு மணி நேரம்வரைகூட இடைவெளி விழலாம். மீட்பறைக் கண்காணிப்பை அந்த இடைவெளியை அளவுகோலாகக் கொண்டே வகுக்க வேண்டும் என்பது இக்கட்டுரையின் வாதம்.

இம்மருந்துகள் வந்த வழியே, மூச்சிலேயே திரும்புகின்றன. இதை 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலேயே லண்டனில் ஜான் ஸ்னோ சோதித்துக் காட்டினார். வெளிவிடும் கரியமில வாயுவைப் பொட்டாஷால் உறிஞ்சி நீக்கிவிட்டு, அதே மூச்சைத் திரும்பத் திரும்ப உள்ளிழுக்கச் செய்தபோது குளோரோஃபார்மின் மயக்கம் நீடித்தது. உடல் அதை அழித்துவிடவில்லை, மாறாமல் வெளியே அனுப்புகிறது என்று அவர் முடிவு கட்டினார். இன்றைய வாயுப் பகுப்பாய்வுக் கருவிகள் இல்லாத காலத்தில் இவ்வளவு எளிய ஏற்பாட்டால் எட்டிய முடிவு என்பதால் அது இன்றும் வியப்பூட்டுகிறது. கல்லீரலின் பங்கு மருந்துக்கு மருந்து மாறும்: ஹாலோத்தேனில் சுமார் 20%, செவோஃப்ளூரேனில் 5% அல்லது அதற்கும் குறைவு, ஐசோஃப்ளூரேனில் 0.2%, டெஸ்ஃப்ளூரேனில் 0.02%.

மூளை, இதயம், கல்லீரல், சிறுநீரகம் போன்ற உறுப்புகள் உடல் எடையில் பத்தில் ஒரு பங்குதான். இதயம் செலுத்தும் இரத்தத்தில் முக்கால் பங்கு அவற்றுக்கே போகிறது. அதனால் மருந்தை நிறுத்தியதும் மூளை சில நிமிடங்களில் காலியாகத் தொடங்குகிறது. தசையிலும் கொழுப்பிலும் மணிக்கணக்கில் சேர்ந்த மருந்தோ அவ்வளவு சீக்கிரம் வராது. மெல்ல இரத்தத்துக்குத் திரும்பி, நுரையீரலை அடைந்து, அங்கிருந்துதான் வெளியேற வேண்டும். மயக்கம் கொடுக்கும்போது நமக்கு ஒரு வசதி உண்டு: செறிவைத் தேவைக்கு மேல் கூட்டி வேகப்படுத்தலாம். வெளியேற்றத்தில் அந்த வசதி இல்லை. உள்ளிழுக்கும் செறிவைப் பூஜ்யத்துக்குக் கீழே கொண்டுபோக முடியாது. புதிய வாயு ஓட்டத்தைக் குறைவாகவே வைத்திருந்தால் அந்தப் பூஜ்யம்கூடக் கிட்டாது. நோயாளி தாம் விட்ட மருந்தையே மறுபடி இழுத்துக்கொண்டிருப்பார்.

கத்தி பட்டும் நோயாளிகளில் பாதிப் பேர் அசையாமலிருக்கத் தேவையான செறிவு செவோஃப்ளூரேனுக்குச் சுமார் 2%. அது ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்காக, அதாவது 0.7% அளவுக்கு இறங்கும்போது பெரும்பாலோர் சொல் கேட்டுக் கண் திறக்கிறார்கள். ஜேம்ஸ் பெய்லி 1997இல் வெளியிட்ட கணினி உருவகக் கணிப்பு இங்கே முக்கியமானது. செறிவு பாதியாகக் குறைய அவர் கணித்த எல்லா மருந்துகளுக்கும் ஐந்து நிமிடத்துக்குள்ளேயே ஆகிறது. அறுவை எவ்வளவு நீண்டாலும் இது பெரிதாக மாறுவதில்லை. ஆறு மணி நேர மயக்கத்துக்குப் பிறகு 90% நீங்க எவ்வளவு ஆகும் என்று கேட்டால் விடை வேறு: டெஸ்ஃப்ளூரேனுக்கு 14 நிமிடம், செவோஃப்ளூரேனுக்கு 65, ஐசோஃப்ளூரேனுக்கு 86. இரத்தத்தில் கரையும் திறன் முதலிரண்டுக்கும் முறையே 0.42, 0.65தான். எண்ணளவில் சிறிய இந்த வேறுபாடு கடைசிக் கட்டத்தில் ஐம்பது நிமிட வித்தியாசமாக வளர்ந்து நிற்கிறது.

அந்த மிச்சம் கெடுதல் செய்யாது என்றால் இதையெல்லாம் பேச வேண்டியதில்லை. ஆனால் முழு அளவில் பத்தில் ஒரு பங்கு எஞ்சியிருந்தாலே, ஆக்சிஜன் குறையும்போது மூச்சைக் கூட்டும் அனிச்சைச் செயல் மழுங்குவதை ஆய்வுகள் காட்டியுள்ளன. விழுங்கும் தசைகளின் ஒருங்கிணைப்பும், ஆள் விழித்துப் பேசும் செறிவிலேயே குலைகிறது. இதோடு மார்ஃபின் போன்ற வலிநிவாரணியும் சேர்ந்தால் மூச்சு இன்னும் தணியும். மூச்சு தணிந்தால் மருந்து வெளியேறுவதும் தணியும். முகமூடி வழியே கொடுக்கும் ஆக்சிஜன் விரல்நுனிக் கருவியில் 98 என்று காட்டிக்கொண்டிருக்க, உள்ளே கரியமில வாயு ஏறிக்கொண்டிருக்கலாம்.

அப்படியானால் டெஸ்ஃப்ளூரேனையே பயன்படுத்தலாமே என்ற மறுப்பு எழும். நோயாளியின் மூச்சில் வெளிவருவது கடைசியில் வளிமண்டலத்துக்குத்தான் போய்ச் சேர்கிறது. நூறாண்டுக் கணக்கில் டெஸ்ஃப்ளூரேன் கரியமில வாயுவைப் போல 2,500 மடங்கு வெப்பமூட்ட வல்லது. ஐரோப்பிய ஒன்றியம் 2026 ஜனவரி 1 முதல் அதன் பயன்பாட்டைக் கடுமையாகக் கட்டுப்படுத்தியிருக்கிறது. இந்த முடிவு எனக்கும் உடன்பாடே. ஆகவே செவோஃப்ளூரேனின் நீண்ட வாலைச் சமாளிக்கத்தான் நாம் கற்க வேண்டும். ஆவியாக்கியை மூடியதும் புதிய வாயு ஓட்டத்தைக் கூட்டுவது முதல் வேலை. செயற்கை மூச்சை மிதமிஞ்சிக் கூட்டினால் இரத்தக் கரியமில வாயு இறங்கி, மூளைக்குப் போகும் இரத்தமும் நோயாளியின் சொந்த மூச்சுத் தூண்டலும் குறைந்துவிடும். அதைத் தவிர்க்க வேண்டும். பருமனானவர்களிடத்திலும் நான்கைந்து மணி நேரம் கடந்த அறுவைகளிலும், குழாயை எடுக்கும் தருணத்தில் திரையில் தெரிந்த வெளிமூச்சுச் செறிவை மீட்பறைச் செவிலியருக்கான ஒப்படைப்புக் குறிப்பில் எழுதித்தர வேண்டும். 0.5% என்று எழுதப்பட்ட நோயாளியையும் 0.1% என்று எழுதப்பட்டவரையும் ஒரே கால அளவில் வார்டுக்கு அனுப்புவதற்கு மருத்துவ நியாயம் ஏதுமில்லை.