பொன்னும் செம்பும்

பண்டைத் தமிழர் பொன் என்னும் சொல்லைத் தங்கம் ஒன்றுக்கே உரிமையாக்கினாரல்லர். பொன், வெள்ளி, செம்பு, இரும்பு, ஈயம் என்னும் ஐந்தையும் ஐம்பொன் என்றனர். இரும்பைக் கரும்பொன் என்றனர். ஈழம் என்னும் சொல்லுக்கும் பொன் என்று ஒரு பொருள் உண்டு. சொல்லில் உறவு பூண்ட இவ்வுலோகங்கள் மண்ணுக்குள்ளும் பல இடங்களிற் கலந்தே கிடக்கின்றன. கலந்தவற்றைப் பிரிக்க மனிதன் மேற்கொண்ட முயற்சி நெடியதொரு வரலாறு ஆகும்.

ஆங்கிலேயர் எழுப்பிய எண்ணெய்க் குதங்களால் உலகறிந்த சீனன்குடாவிலிருந்து தெற்கே, கொட்டியாரக் குடாவைக் கடந்து சென்றால் மூதூரும், அதற்கப்பாற் சேருவிலவும் வரும். அங்கே 1971ஆம் ஆண்டில் புவிச்சரிதவியல் அளவைத் திணைக்களத்தார் செம்பும் காந்த இரும்புத்தாதும் சேர்ந்த படிவொன்றைக் கண்டறிந்தனர். இச்செம்புக்கும் பண்டைய குடியிருப்புகளுக்கும் இருந்த தொடர்பைத் தொல்லியலறிஞர் சுதர்சன் செனவிரத்ன ஆராய்ந்து எழுதியுள்ளார். ஆகவே, திருகோணமலைக் கரைக்குச் செம்பின் கதை புதிதன்று.

உலகின் பல நாடுகளிற் செம்புத் தாதோடு பொன் துகளும் சேர்ந்து கிடைக்கிறது. அப்பொன்னைப் பிரிப்பது எங்ஙனம்? சயனைட்டுக் கரைசலிற் பொன் கரையும் என்பதைச் சுவீடன் நாட்டு இரசாயன அறிஞர் சீலே 18ஆம் நூற்றாண்டிலேயே கண்டார். அதற்குக் காற்றிலுள்ள ஒட்சிசனும் வேண்டும் என்பதை 1846இல் எல்சுனர் விளக்கினார். 1887இல் கிளாஸ்கோ நகரில் மக்காதர் என்பவர், பொரெஸ்ட் சகோதரர் இருவருடன் சேர்ந்து இதனைத் தொழில்முறை ஆக்கினார். பொடியாக்கிய தாதை மிக நீர்த்த கரைசலில் ஊறவைத்து, கரைந்த பொன்னை நாகத்தின் துணையாற் படியச் செய்தல் அம்முறை. தென்னாபிரிக்கச் சுரங்கங்களின் பெருவளர்ச்சிக்கு இதுவே துணைநின்றது. தமிழகத்து வட ஆர்க்காட்டிலிருந்து குடும்பங் குடும்பமாகச் சென்றோர் உழைத்த கோலார் தங்கவயலிலும் இம்முறை கையாளப்பட்டது.

கோலாரின் பொன் பெரும்பாலும் வெண்கற் பாறையில் தனித்திருந்தது; ஆதலின் வேலை எளிதாயிற்று. செம்பு கலந்த தாதிலோ நிலைமை வேறு. சயனைட்டு பொன்னை மட்டும் தேடிச் செல்வதில்லை, செம்பையும் பற்றிக்கொள்கிறது. ஒரு தொன் தாதில் நூற்றுக்கு ஒரு பங்கு செம்பு இருப்பின் அது 10 கிலோகிராம். உடனிருக்கும் பொன்னோ சில கிராம் மாத்திரமே. கரையும் ஒவ்வொரு கிலோகிராம் செம்பும் 2 கிலோகிராமுக்கு மேற்பட்ட சோடியஞ் சயனைட்டைப் பிணைத்து வைத்துக்கொள்ளும். விருந்தினர் ஒருவருக்குச் சமைத்த சோற்றை வழிப்போக்கர் ஆயிரவர் உண்டது போலாகும் இது.

இவ்விடரை நீக்க அறிஞர் மூன்று வழிகளைக் கண்டனர். முதலாவது, தாதை உருக்கிச் செம்பாக்கி, அச்செம்பை மின்னாற் சுத்திகரிக்கும்போது தொட்டியின் அடியில் தங்கும் வண்டலிலிருந்து பொன்னை எடுப்பது. இந்தியாவிற் சிங்பூம் பகுதியிலுள்ள மௌபந்தார் உருக்காலையில் செம்போடு பொன்னும் துணைப்பொருளாகக் கிடைத்தது. இரண்டாவது, கரைசலில் அமோனியாவைச் சேர்த்துச் செம்பின் குறுக்கீட்டைத் தணிப்பது. மூன்றாவது, 1990களில் உருவானது. கரைசலில் அமிலத்தையும் கந்தகச் சேர்மத்தையும் இட்டால் செம்பு சல்பைட்டாகப் படிகிறது. சயனைட்டு மீண்டும் பயனுக்கு வருகிறது. அசர்பைஜான் நாட்டின் கெடாபெக் சுரங்கத்தில் இம்முறை நடைபெற்றுள்ளது.

எனினும், இக்கதையில் இலாபக் கணக்கு மட்டுமே எழுதப்படவில்லை. 2000ஆம் ஆண்டு சனவரி 30ஆம் நாள் உருமேனியாவின் பாயா மாரேயில், பொன்னெடுத்த கழிவைத் தேக்கிய அணை உடைந்தது. சுமார் 1,00,000 கனமீற்றர் நஞ்சுநீர், சயனைட்டும் செம்பும் கலந்தவாறே ஆற்றிற் பாய்ந்தது. எல்லை கடந்து அங்கேரியில் தீசா ஆற்று மீன்கள் திரள்திரளாய் மடிந்தன. கோலாரிலும் 2001இல் சுரங்கம் மூடப்பட்ட பின்னர், சயனைட்டு மண்மேடுகள் ஊரின் நடுவே குன்றுகளாய் நின்றன. பொன் சென்றது, தூசி தங்கிற்று.

மகாவலி கங்கை கடலொடு கலக்கும் இடம் கொட்டியாரக் குடா. அந்நீரை நம்பி வயலுழுவோரும் வலைவீசுவோரும் அதன் இரு மருங்கும் வாழ்கின்றனர். ஆற்று முகத்துக்கு அணித்தாயுள்ள நிலத்திற் கனிப்பொருள் எடுக்க முனைவோர், பிரித்தெடுக்கும் வித்தையை அறிந்தாற் போதாது. எடுத்தபின் எஞ்சும் நீரையும் மண்ணையும் எங்கே, எத்தனை காலம், யார் காப்பது என்பதற்கும் முன்னரே விடை கூறல் வேண்டும். பொன்னைச் செம்பினின்று பிரிக்க மனிதன் கற்றுக்கொண்டான். நஞ்சை நீரினின்று விலக்கி வைப்பதே அவன் திறமைக்கு உரைகல்லாகும்.