நெல்முளையும் பீர் பாட்டிலும்

போன சம்பாவுக்கு விதைநெல்லை ஊறவைத்து, சாக்கில் கட்டி மூட்டம் போட்டிருந்தேன். நேரத்துக்குப் பிரித்திருக்க வேண்டும். சொந்தத்தில் ஒரு சாவு, போய்த் திரும்ப ஒரு நாள் தள்ளிப்போச்சு. மூட்டையை அவிழ்த்தால் குப்பென்று ஒரு புளிச்ச வாசனை. மாடியில் வாடகைக்கு இருக்கிற சிப்காட் கம்பெனிப் பையன் எட்டிப் பார்த்து, "என்ன அங்கிள், பீர் வாசனை வருது?" என்றான்.

சிரித்தேன். ஆனா பையன் சொன்னதில் தப்பு ஒண்ணும் இல்லை. பீருக்கு பார்லியை இப்படித்தான் நனைத்து முளைகட்ட வைக்கிறார்கள். முளை நீளுவதற்குள் காயவைத்து உடைத்தால் அதுதான் மால்ட். மாவைச் சர்க்கரையாக்கும் சத்து அந்த முளையில்தான் ஊறுகிறது. பிறகு சர்க்கரையை ஈஸ்ட் தின்று போதையாக்குகிறது.

இதை வெள்ளைக்காரன்தான் நமக்குக் கற்றுக்கொடுத்தான் என்று நினைத்துவிடாதீர்கள். பத்தாவதில் எங்கள் தமிழ் ஐயா பெரும்பாணாற்றுப்படை பற்றிச் சொன்னது இன்னும் ஞாபகம் இருக்கு. காஞ்சியை ஆண்ட தொண்டைமான் இளந்திரையனைப் பற்றி உருத்திரங்கண்ணனார் பாடியது. அதாவது நம்ம தொண்டை மண்டலத்துப் பாட்டு. அதில் வலைஞர்கள் அரிசிக் களியை அகலத் தட்டில் ஆறவைத்து, நெல்முளை சேர்த்து, இரண்டு பகல் இரண்டு இரவு சாடியில் வைத்து மது எடுக்கிற விவரம் வருகிறது. பார்லிக்குப் பதில் நெல், அவ்வளவுதான் வித்தியாசம். வடசென்னை மீனவர் குப்பங்களில் போடுகிற சுண்டக்கஞ்சியும் அந்தக் குடும்பத்துப் பிள்ளைதான்.

பாட்டில் பீர் இங்கே வந்தது வெள்ளைக்காரப் பட்டாளத்துக்காக. கசௌலி மலையில் எட்வர்ட் டயர் என்பவர் 19ஆம் நூற்றாண்டில் பீர் ஆலை வைத்தார். ஜாலியன்வாலாபாக்கில் சுடச் சொன்ன டயர் அவருடைய மகன். தெற்கே 1915இல் தாமஸ் லீஷ்மன் ஐந்து ஆலைகளைச் சேர்த்து யுனைடெட் புரூவரீஸ் ஆரம்பித்தார். அந்தக் கம்பெனியின் ஆலை இன்றைக்கு நம்ம திருவள்ளூர் மாவட்டத்திலேயே, அரண்வாயல் பக்கம் ஓடுகிறது. பார்லி மட்டும் இங்கே ஒரு மணி விளையாது, வடக்கேயிருந்துதான் வரணும்.

குடிக்குப் பூட்டு போட்ட கதை தனி. 1937 அக்டோபர் 1இல் ராஜாஜி சேலத்தில் மதுவிலக்கு தொடங்கினார். போன வருமானத்தை ஈடுகட்ட 1939இல் விற்பனை வரி வந்தது. குடிக்காதவனும் அன்றிலிருந்து கட்டிக்கொண்டிருக்கிறான்! 1948 காந்தி ஜெயந்தியிலிருந்து மாகாணம் முழுக்க மதுவிலக்கு. 1971இல் திறந்தார்கள், 1974க்குள் மூடினார்கள். 1981இல் மறுபடி திறந்தபோது நான் பள்ளிக்கூடப் பையன். சாராயக்கடைக்குப் போன அப்பாவைக் கூட்டிவர அம்மா என்னைத்தான் அனுப்புவாள். கடை வாசலில் நிற்க வெட்கமாக இருக்கும். அப்பா மாங்காய்த் துண்டு ஒன்றைக் கையில் கொடுத்து, "அம்மாகிட்ட சொல்லாதடா" என்பார். அம்மாவுக்கு அவர் வாசல்படி ஏறும்போதே தெரிந்துவிடும்.

1987 ஜனவரி 1 முதல் சாராயம் போச்சு, கூடவே கள்ளும் போச்சு. சாராயம் போனதற்கு எங்கள் வீட்டில் பொங்கலே வைத்திருப்பார்கள். கள் போனதில்தான் எனக்கு இன்னும் வருத்தம். என் வரப்பில் ஏழு பனை நிற்கிறது. ஏறுகிற ஆள் இல்லை, ஓலை காய்ந்து தொங்குது. விடியற்காலை இறக்கினால் சாயங்காலத்துக்குள் புளித்துவிடுகிற சரக்கு அது. போதை கிட்டத்தட்ட பீர் அளவுதான். பீர் சட்டப்படி சரி, என் பனை குற்றவாளி.

நம்ம ஊர் எல்லையோரம் என்பதால் ஆந்திராவின் கூத்தையும் பார்த்தோம். 1992இல் நெல்லூர் மாவட்டம் துபகுண்டாவில் பெண்கள் திரண்டு சாராயத்தை எதிர்த்தார்கள். 1995இல் என்.டி.ராமராவ் முழு மதுவிலக்கே கொண்டுவந்தார், 1997இல் தளர்ந்தது. அந்த இரண்டு வருஷமும் தடா தாண்டி இந்தப் பக்கம் வந்து தாகம் தீர்த்துப்போனவர்கள் எத்தனை பேர்!

2003 நவம்பரில் சில்லறை விற்பனையை டாஸ்மாக்கே எடுத்துக்கொண்டது. 2017 ஏப்ரலில் சுப்ரீம் கோர்ட் உத்தரவால் நெடுஞ்சாலைக் கடைகள் மூடின. நல்லதுதான். ஆனால் ஹைவேயை விட்டுக் கடை உள்ளே வந்ததும் குடிக்கிற இடம் எங்கள் வரப்பாகிவிட்டது. அடுத்த வருஷம் பரம்படிக்கும்போது சேற்றுக்குள் கிடந்த பீர் பாட்டில் துண்டு என் உள்ளங்காலைக் கிழித்தது. ஆறு தையல். நடவை மனைவிதான் நின்று முடித்தாள். நீலகிரியில் 2022இல் பாட்டிலுக்குப் பத்து ரூபாய் கூட வாங்கி, காலி பாட்டிலைக் கொடுத்தால் திருப்பித் தருகிற ஏற்பாடு வந்தபோது, இதை நெல் வயலுக்கல்லவா முதலில் செய்திருக்கணும் என்று தோன்றியது.

நான் ஒன்றும் உத்தமன் இல்லை. அறுப்பு முடிந்து நெல் பணம் வந்த அன்றைக்கு ஒரு பாட்டில் பீர், கூட வறுத்த நெத்திலி. மனைவி அதற்கு மேல் அனுமதிப்பதில்லை. மாடிப் பையனுக்கு ஞாயிறு தோறும் உண்டு. அவனுக்கு நான் போட்ட கண்டிஷன் ஒன்றே ஒன்று: பாட்டிலை உடையாமல் என் கையில் கொடுத்துடணும். மாட்டுக்கொட்டகை ஓரம் ஒரு சாக்கு கட்டி வைத்திருக்கிறேன், பாதி நிரம்பிவிட்டது.

அந்த விதை மூட்டையில் பாதிதான் தேறியது. மீதியை மாட்டுக்குப் போட்டேன், அது ரொம்ப ரசித்துத் தின்றது.