ராஜி வேண்டாம், நிலம் வேண்டும்

கோர்ட்டுக்குப் போகிற நம் சனங்கள் அடிக்கடி கேட்கிற வார்த்தை ‘ராஜி’. “எதுக்கு வருஷக்கணக்கா இழுத்துக்கினு, ராஜியாப் போயிடுங்க” என்பார்கள். ஊரில் நாட்டாமை சொன்னதையே கறுப்புக் கோட்டு மாட்டிக்கொண்டு சொல்கிற வேலை இது. பறித்தவனுக்கும் பறிகொடுத்தவனுக்கும் நடுவில் நின்று, பறிகொடுத்தவனைப் பார்த்து மட்டும் “விட்டுக்கொடு” என்கிற நியாயம்.

கனடாவில் பூர்வகுடிப் பிள்ளைகளைப் பெற்றவர்களிடமிருந்து பிரித்து விடுதிப் பள்ளிகளில் அடைத்த கொடுமையை விசாரித்த உண்மை மற்றும் நல்லிணக்க ஆணையம், 2015இல் 94 பரிந்துரைகளை வைத்தது. அதில் 27ஆவது வழக்கறிஞர்களுக்கானது. அந்தப் பள்ளிகளின் வரலாற்றையும், பூர்வகுடிகளோடு போட்ட ஒப்பந்தங்களையும், அவர்களுடைய சட்ட மரபையும் வழக்கறிஞர்களுக்குக் கற்பிக்க வேண்டும் என்றது. 28ஆவது, சட்டக் கல்லூரியில் அதையே கட்டாயப் பாடமாக்கச் சொன்னது. சமாதானம் பேச வருகிற வக்கீல் முதலில் அநியாயத்தின் வரலாற்றைப் படித்துவிட்டு வரட்டும் என்பதுதான் இதன் பொருள்.

அப்படியானால் தாம்பரத்திலும் செங்கல்பட்டிலும் வாதாடுகிற வக்கீல் எந்த வரலாற்றைப் படிக்க வேண்டும்? பஞ்சமி நிலத்தின் வரலாற்றை என்று நான் சொல்வேன். நான் சட்டம் படித்த ஆள் இல்லை. தமிழ் எம்.ஏ. முடித்துவிட்டுத் தாம்பரத்துக்குத் தெற்கே உள்ள காலனிகளில் நிலத்துக்காக மனு எழுதிக் கொடுக்கிற ஆள். அந்த மனுக்கள் எங்கே போய் முட்டி நிற்கின்றன என்று பார்த்துப் பார்த்துத்தான் இதை எழுதுகிறேன்.

நாம் இந்த மண்ணின் பூர்வகுடிகள் என்பதை யாரும் புதிதாகச் சொல்லித்தர வேண்டியதில்லை. அயோத்திதாசப் பண்டிதர் அதை நூறு ஆண்டுகளுக்கு முன்பே எழுதிவிட்டார். பரங்கிமலையில் பிறந்த எம்.சி. ராஜா சட்டமன்றத்தில் தீர்மானம் கொண்டுவந்து, 1922இல் ‘ஆதிதிராவிடர்’ என்ற பெயரை அரசாணையில் ஏற்றினார். பெயரில் ஆதி வந்தது. பட்டாவில் வந்ததா?

செங்கல்பட்டுச் சீமை மிராசு சீமை. மிராசு உரிமை என்றால் என்னவென்று வெள்ளைக்காரன் கேட்டபோது யார் பதில் சொன்னார்கள்? எல்லிஸ் துரை 17 கேள்விகளுக்கு எழுதிய விடை 1818இல் அச்சானது. மேல்சாதிப் பண்டிதரும் மிராசுதாரரும் சொன்னது சட்டத்தின் மூலமாயிற்று. ஏர் பிடித்தவனின் வாக்குமூலத்துக்கு அதில் இடமில்லை. விளைந்த நிலம் மட்டுமல்ல, கரம்பும் தரிசும்கூட மிராசுதாரன் தனக்கென்று சொந்தம் கொண்டாடினான். பறையர் ஒருவர் தரிசு கேட்டுத் தர்க்காஸ்து மனு போட்டால், மிராசுதாரன் எழுந்து “எனக்கே முன்னுரிமை” என்று சொல்லலாம். விதி அவன் பக்கம் இருந்தது. மீறிக் கேட்டவனைக் குடியிருக்கும் சேரி மனையிலிருந்தே கிளப்பிவிட முடிந்தது, ஏனென்றால் பல இடங்களில் அந்த மனையும் அவனுடையது.

இதையெல்லாம் 1891இல் செங்கல்பட்டுக் கலெக்டராக இருந்த திரமென்ஹீர் அறிக்கையாக எழுதினார். ஆடம் ஆண்ட்ரு, வில்லியம் கௌடி போன்ற பாதிரிமார்களும் இதே கோரிக்கையை எழுப்பினார்கள். 1892 செப்டம்பர் 30இல் அரசாணை 1010 பிறந்தது. ஒடுக்கப்பட்டோருக்கென்று நிலம் ஒதுக்கப்பட்டது. கூடவே நிபந்தனையும் வந்தது: பத்தாண்டுகளுக்கு விற்கவோ அடமானம் வைக்கவோ கூடாது, அதற்குப் பிறகும் ஒடுக்கப்பட்ட வகுப்பாருக்கு மட்டுமே கைமாற்றலாம், மீறினால் அரசு நஷ்டஈடு இல்லாமல் நிலத்தைத் திரும்ப எடுக்கலாம். மாநிலம் முழுவதும் இப்படி 12 லட்சம் ஏக்கர் என்று நம் இயக்கங்கள் சொல்லி வருகின்றன.

அந்த நிலம் எங்கே போயிற்று? “எங்க பாட்டன் தர்க்காஸ்துல வாங்குன நெலம். கல்யாணக் கடனுக்கு வெள்ளக் காயிதத்துல கைநாட்டு வெச்சாரு, அதோட போச்சு” என்று சொல்லாத பெரியவர்கள் காலனிகளில் குறைவு. கடனுக்குப் போனது, மிரட்டலுக்குப் போனது, எழுத்து தெரியாததால் போனது. 1979 முதல் 1987 வரை நிலப் பதிவேடுகளைப் புதுப்பித்த யு.டி.ஆர். திட்டத்தில், பல இடங்களில் அப்போது அனுபவத்தில் இருந்தவன் பெயரே பட்டாவில் ஏறியது. பழைய பதிவேட்டில் ‘டி.சி.’ என்று இருந்த இரண்டெழுத்து, புதிய பதிவேட்டில் காணாமல் போனது.

கேட்டால் என்ன கிடைக்கும் என்பதையும் இதே மாவட்டம்தான் காட்டியது. காரணையில் பஞ்சமி நிலத்தை மீட்கப் போன நம் மக்கள் அங்கே அம்பேத்கர் சிலையை நாட்டினார்கள். சிலை அகற்றப்பட்டது. 1994 அக்டோபர் 10ஆம் நாள் செங்கல்பட்டில் திரண்டவர்கள்மீது போலீஸ் சுட்டது. ஜான் தாமஸ், ஏழுமலை என்கிற இரண்டு தோழர்கள் செத்துப்போனார்கள். நான் அப்போது சின்னப் பிள்ளை. விவரம் தெரிந்த நாளிலிருந்து ஒவ்வொரு அக்டோபரிலும் அந்தப் பெயர்களைச் சுவரொட்டியில் படித்தே வளர்ந்தேன்.

இப்போது வக்கீலிடம் வருவோம். தாம்பரம் 2021இல் மாநகராட்சி ஆகிவிட்டது. கிளாம்பாக்கம் பேருந்து நிலையம் 2023 கடைசியில் திறந்தாகிவிட்டது. ஒரு காலத்தில் குழி கணக்கில் பேசிய நிலத்தைச் சதுர அடியில் பேசுகிறார்கள். மனை வாங்குகிறவர் வங்கிக் கடனுக்குப் போனால், ஒரு வக்கீல் ‘லீகல் ஒப்பீனியன்’ எழுதித் தருகிறார். என்ன பார்த்து எழுதுகிறார்? முப்பது வருஷத்து வில்லங்கச் சான்று. 1892இல் தொடங்கிய நிபந்தனை முப்பது வருஷ வில்லங்கத்தில் எப்படித் தெரியும்? பழைய செட்டில்மென்ட் பதிவேட்டையும் ஏ பதிவேட்டையும் புரட்டாமல் ‘உரிமை குறைபாடற்றது’ என்று கையெழுத்துப் போடுகிற வக்கீல், தெரிந்தோ தெரியாமலோ அந்தப் பறிப்புக்குச் சாட்சிக் கையெழுத்துப் போடுகிறார். நல்லிணக்கம் தொடங்க வேண்டிய இடம் அந்தக் கையெழுத்துதான். அதற்குத் தனிச் சட்டம் வேண்டாம். ஒரு பதிவேட்டைக் கூடுதலாகத் திறந்து பார்த்தால் போதும்.

வழக்கு என்று வந்துவிட்டால் எதிர்த்தரப்பு “பன்னிரண்டு வருஷத்துக்கு மேல் அனுபவிக்கிறேன்” என்று சொல்லும். நிபந்தனையை மீறிய கிரயம் செல்லாது என்று சென்னை உயர்நீதிமன்றம் ஒன்றுக்கு மேற்பட்ட தீர்ப்புகளில் சொல்லியிருக்கிறது. ஆனால் நிலத்தைத் திரும்ப எடுக்கிற அதிகாரம் வருவாய்த்துறையின் கையில் இருக்கிறது. மனு கொடுத்தவன் அலைவான்; கோப்பு அலையாது. கோப்பை நகர்த்தச் சொல்லி உயர்நீதிமன்றத்தில் ரிட் போட வக்கீல் வேண்டும். பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் வருமான வரம்பு பார்க்காமல் இலவசச் சட்ட உதவி உண்டு என்று 1987ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. ஒதுக்கப்பட்ட நிலத்தை அபகரிப்பது வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் குற்றம். பாதிக்கப்பட்டவர் விரும்பினால் மூத்த வழக்கறிஞரை அமர்த்தித்தர 1995ஆம் ஆண்டு விதிகளில் இடமிருக்கிறது. இவை எத்தனை காலனிக்குத் தெரியும்? தெரியவைப்பது யார் வேலை?

“ஆவணம் எங்கே?” என்று கேட்பார்கள். நம்மிடம் ஆவணம் இல்லாமல் செய்தவர்களே அதைக் கேட்பதுதான் வேடிக்கை. கனடாவின் உச்ச நீதிமன்றம் 1997இல் டெல்காமூக் வழக்கில், பூர்வகுடிகளின் வாய்மொழி வரலாற்றுக்கும் சாட்சியமாக உரிய மதிப்புத் தரவேண்டும் என்றது. அவ்வளவு தூரம் போவானேன்? நம் வன உரிமைச் சட்டத்தின் விதிகளே, பெரியவர்கள் சொல்லி எழுதப்பட்ட வாக்குமூலத்தைச் சான்றாக ஏற்கின்றன. காட்டில் ஏற்கப்படும் கிழவியின் சொல் ஜி.எஸ்.டி. ரோட்டோரச் சேரியில் மட்டும் ஏன் செல்லாது? எந்த வரப்பு யாருடையது, எந்தக் கிணற்றை யார் வெட்டியது என்று சொல்லத் தெரிந்தவர்கள் இன்னும் சிலர் உயிரோடு இருக்கிறார்கள். சட்டக் கல்லூரி மாணவர்கள் ஒரு கோடை விடுமுறையை இதற்குக் கொடுக்கலாம்.

ஒரு கேள்வியைத் தட்டிக்கழிக்க முடியாது. பஞ்சமி நிலம் என்று தெரியாமல், வாழ்நாள் சேமிப்பைப் போட்டு மனை வாங்கி வீடு கட்டிய ஏழை எளியவர்களை என்ன செய்வது? அவர்களைத் தெருவில் நிறுத்தச் சொல்லி நாம் கேட்கவில்லை. நிலத்தைக் கூறுபோட்டு விற்று லாபம் பார்த்தவன் ஈடு கொடுக்கட்டும். அதே வட்டத்தில் அதே மதிப்புள்ள நிலத்தை அரசு சேரிக்குத் தரட்டும். வக்கீல்கள் ராஜி பேசத்தான் வேண்டும் என்றால், பேச வேண்டிய ராஜி இதுதான். உரிமையை ஒப்புக்கொண்ட பிறகு வருகிற ராஜி.

காலம் பிடிக்கும்தான். மகாத் குளத்து வழக்கில் 1927இல் தொடங்கிப் பம்பாய் உயர்நீதிமன்றத் தீர்ப்பு வந்த 1937 வரை பத்தாண்டுகள் பாபாசாகேப் விடவில்லை. ஆஸ்திரேலியாவில் எட்டி மாபோ 1982இல் போட்ட வழக்கில், அது யாருமற்ற நிலம் என்ற வெள்ளைக்காரனின் பொய்யை உச்ச நீதிமன்றம் 1992 ஜூனில் உடைத்தது. தீர்ப்பைக் கேட்க மாபோ இல்லை. சில மாதங்கள் முன்பே இறந்துவிட்டார்.

நம் பெரியவர்களும் போய்க்கொண்டிருக்கிறார்கள். நம்மிலிருந்து கோட்டு மாட்டிய தம்பி தங்கைகள் இன்று எல்லாக் கோர்ட்டிலும் இருக்கிறார்கள். ஆளுக்கு ஒரு கிராமத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அந்தக் கிராமத்தின் பழைய பதிவேட்டுக்கு நகல் மனு போடுங்கள். ‘டி.சி.’ என்று எழுதியிருக்கிற ஒவ்வொரு சர்வே எண்ணையும் சேரிக்கு வந்து சத்தமாகப் படித்துக் காட்டுங்கள். மற்றதைச் சனங்கள் பார்த்துக்கொள்வார்கள்.