பிளஸ் ஒன் குரூப் எடுக்கப் போறீங்களா? கையெழுத்து போடுறதுக்கு முன்னாடி இதைப் படிங்க!

பத்தாவது ரிசல்ட் வந்ததும் வீட்டுல முதல் கேள்வி, “என்ன குரூப்?” நண்பன் எடுத்தான், பக்கத்து வீட்டு அக்கா எடுத்தாங்கன்னு முடிவு பண்ணிடாதீங்க. இரண்டு வருஷம் கழிச்சு எந்தக் கல்லூரிக்கு விண்ணப்பிக்க முடியும்ங்கிறதை இப்போ நீங்க போடுற டிக்தான் பெருமளவு தீர்மானிக்குது.

கணக்கை விடலாமா?

பயத்துல கணக்கை விட்டா, பொறியியல் கவுன்சலிங் கதவு பெரும்பாலும் மூடிடும். கட் ஆஃப் 200-ல கணக்குக்கு மட்டும் 100; இயற்பியல், வேதியியலுக்குத் தலா 50. என்.டி.ஏ மூலமா விமானப்படை, கடற்படைக்குப் போகவும் கணக்கு வேணும்.

கம்ப்யூட்டர் சயின்ஸ் கட்டாயமா?

இல்லை. பி.இ கம்ப்யூட்டர் சயின்ஸ் சேர, பள்ளியில அந்தப் பாடம் படிச்சிருக்கணும்னு அவசியமில்லை.

பயோ மேத்ஸ் யாருக்கு?

டாக்டரா, இன்ஜினீயரான்னு முடிவாகாதவங்களுக்கு. இரண்டு கதவும் திறந்திருக்கும். ஆனா சுமை அதிகம். நீட் தேர்வோட 720 மதிப்பெண்ல 360 உயிரியலுக்குத்தான். மருத்துவம் மட்டும்தான் இலக்குன்னா, பியூர் சயின்ஸே போதும்.

காமர்ஸ் ஈஸியா?

சி.ஏ ஃபவுண்டேஷன்ல கணக்கும் புள்ளியியலும் ஒரு முழுத் தாள். அதனால, பள்ளியில இருந்தா வணிகக் கணிதம் உள்ள குரூப்பையே கேளுங்க.

தாங்குமா? டெஸ்ட் பண்ணுங்க

பிளஸ் ஒன் கணக்குப் புத்தகத்தை இலவசமா டவுன்லோடு பண்ணுங்க. முதல் பாடம், ‘கணங்கள், தொடர்புகள் மற்றும் சார்புகள்’. ஒரு வாரம் நீங்களே போட்டுப் பாருங்க. தப்பு வந்தும் திரும்பப் போடத் தோணுச்சுன்னா, தைரியமா எடுங்க. புத்தகத்தைத் திறக்கவே பிடிக்கலைன்னா, கௌரவத்துக்காக எடுக்காதீங்க. கஷ்டமான குரூப்புல தட்டுத்தடுமாறி பாஸ் ஆகுறதை விட, பிடிச்ச குரூப்புல நல்ல மார்க் வாங்குறது கல்லூரிக்கு உதவும்.

பிளஸ் ஒன்னை விட்டுடாதீங்க!

பல பள்ளிகள் இந்த வருஷத்தை வேகமா ஓட்டிட்டு நேரா பிளஸ் டூ பாடத்துக்குத் தாவிடும். ஆனா நீட், ஜே.இ.இ இரண்டுலயும் இரண்டு வருஷப் பாடத்துல இருந்தும் கேள்வி வரும். சேர்றதுக்கு முன்னாடியே, “பிளஸ் ஒன் பாடத்தை முழுசா நடத்துவீங்களா?”ன்னு கேளுங்க.

எடுத்த பிறகு முடியலைன்னு தோணினா, முதல் சில வாரத்துலயே ஆசிரியர்கிட்ட சொல்லுங்க. அப்போ மாத்துறது சுலபம். அரையாண்டு வரைக்கும் மனசுக்குள்ளேயே வெச்சிருந்தா கஷ்டம்.